மீன் பிடிக்கப் போன மனுஷன்

அத்தியாயம் 11

போன வாரம் அடெலினோவை வாசற்படியில் நிற்க வைத்துவிட்டு நாம் வந்துவிட்டோம். பாவம், மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

இந்தக் குடும்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாஸ் குரூசஸ் பக்கத்து பீகான் கொட்டைத் தோப்புகளில் காலமெல்லாம் பம்ப் மெக்கானிக்காக இருந்தவர் அடெலினோ. இரண்டு வருஷமாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. மனைவி யூஃபேமியாவைச் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விடுகிறார். ஆகவே மகள் லெயோனோர், மேற்கே தான் வேலை பார்க்கும் டூசானில், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் பிடித்திருக்கிறாள். இன்று சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தவறினால் அந்தக் கட்டில் வேறொருவருக்கு.

யூஃபேமியா மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதுதான் லெயோனோருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

லெயோனோர் தன் மின்சாரக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அடெலினோ சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தார். மகளின் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டார்.

"பத்திரமா போயிட்டு வாம்மா. காத்து ஜாஸ்தியா இருக்கு."

"நீங்களும் வரீங்கப்பா. ஏறுங்க."

"நான் எங்க வரேன்? உங்களை வழியனுப்பத்தானே நிக்கறேன்" என்று சிரித்தார். அந்த வீட்டிலிருந்து யார் பயணம் கிளம்பினாலும் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பி வைத்தவர் அவர்தான். இன்று கிளம்புகிறவரே தான்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கார்க் கதவு திறந்தே கிடக்க, படியில் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் லெயோனோருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அப்பா, மீன் பிடிக்கப் போலாமா?"

அவ்வளவுதான். மனிதர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா? பொண்டாட்டி பேரு மறந்துடும். மீன் மறக்காது" என்றாள் முன்சீட்டில் இருந்த யூஃபேமியா.

அந்தச் சொல்லில் இருந்த விஷம் இன்று நேற்று சேர்ந்ததல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகன் ரமீரோவை அடக்கம் செய்துவிட்டு வந்த அடுத்த மாதமே அடெலினோ தூண்டில் வாங்கினார். ஏரிக்குப் போகிறேன் என்று மாதம் ஒரு நாள் கிளம்பிவிடுவார். சாயங்காலம் சிவந்த கண்ணும் வெறுங்கையுமாகத் திரும்புவார். ஒரு நாள்கூட ஒரு மீன் வீட்டுக்கு வந்ததில்லை. தெருவே கேலி பண்ணும். யூஃபேமியாவுக்குக் கேலி பண்ணத் தோன்றவில்லை. மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதன், ஏரிக்கரையில் போய் எவனோடோ குடித்துவிட்டு வருகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். போன வருஷம் வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்த பிறகுதான் அந்தப் பயணங்கள் நின்றன.

கார் நெடுஞ்சாலை ஏறியது. காற்று மேற்கிலிருந்து எதிர்த்து அடித்தது.

பின்சீட்டில் அடெலினோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்ஜின் நின்னுபோச்சும்மா. ஓரமா நிறுத்து, பார்க்கறேன்."

"ஓடிக்கிட்டுதாம்பா இருக்கு. இது சத்தமே போடாது."

"சத்தம் போடாதது எப்படி ஓடும்?"

"ஏன், நீங்க ஓடல? உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய ஒரு சத்தம் கிடையாது" என்றாள் யூஃபேமியா.

லெயோனோரின் கண் எதிரே சார்ஜ் காட்டும் திரையில் இருந்தது. வசந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் மேற்கே போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். காற்று எழுந்த பிறகு போனால் பெட்ரோல் வண்டிக்கே மூச்சு முட்டும். இந்த மண்ணில் பிறந்த பெண்ணுக்கு அது தெரியாததல்ல. காற்றில்லாத நாளில் இந்த வண்டி எவ்வளவு தூரம் போனதோ அந்தக் கணக்கை நம்பி, வழியில் டெமிங் ஊரில் சார்ஜ் போடாமல் தாண்டி வந்துவிட்டாள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றம். இப்போது பர்சென்ட் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. ஏசியை அணைத்தாள். மூன்று பேரும் வியர்வையில் நனைந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லாரிகள் வரிசைகட்டி நின்றன. முன்னால் வறண்ட ஏரிப் படுகையிலிருந்து புழுதி எழும்பி எதிர் வண்டி தெரியாமல் போய்விட்டதாம். போலீஸ்காரர்கள் சாலையை மூடிவிட்டு எல்லா வண்டிகளையும் வடக்கே, மலைப்பாதைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

யூஃபேமியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது சுரங்கத்துக்குப் போற ரோடு."

"ஆமாம்மா."

"அந்த வழி வேணாம். திருப்பு."

"டெமிங்குக்குத் திரும்பினா சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேர முடியாது. பக்கத்துல சார்ஜ் இருக்கறது சான் லாசரோல மட்டும்தான். அந்த ரோட்லதான் இருக்கு."

"பெட்ரோல் வண்டி வாங்கியிருந்தா எப்படியாவது சுத்திக்கிட்டுப் போகலாம். உன்னை யாருடி கரன்ட் வண்டி வாங்கச் சொன்னது?"

லெயோனோர் வண்டியை வடக்கே திருப்பினாள்.

ரமீரோ சான் லாசரோவுக்கு மேலே தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். வாரக் கடைசியில் இந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவான். ஒரு வெள்ளிக்கிழமை, ஊரைத் தாண்டியதும் வரும் வளைவில், அவன் பிக்கப் வண்டி உருண்டது. உயிர் பிரிந்த இடத்தில் சாலையோரம் சிலுவை நடுவதுதான் வழக்கம். சொந்தக்காரர்கள் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது யூஃபேமியா ஆங்காரமாகக் கத்திவிட்டாள். "ரோட்ல சிலுவை நடணுமா? நட்டா அவன் செத்துட்டான்னு நான் ஒத்துக்கணும். ஒத்துக்க மாட்டேன்!" அதற்குப் பிறகு அவள் எதிரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சாலையில் அவள் கால் வைக்கவில்லை. செத்துப்போனான் என்ற சொல்லை இன்றுவரை அவள் மகனோடு சேர்த்துச் சொன்னதில்லை.

"வளைவு வந்தா சொல்லு. நான் பார்க்க மாட்டேன்."

லெயோனோர் சொன்னாள். யூஃபேமியா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். லெயோனோரும் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடெலினோ மட்டும் உடம்பை முழுக்கத் திருப்பி, பின்கண்ணாடி வழியாக, வளைவு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

சான் லாசரோவில் சார்ஜர் ஒன்றே ஒன்று. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையை ஒட்டி இருந்தது. அதுவும் சாவகாசமாக வேலை செய்கிற ரகம். காரை மாட்டிவிட்டு லெயோனோர் டூசான் இல்லத்துக்குப் போன் போட்டாள். கொஞ்சம் தாமதமாகும், கட்டிலை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். யூஃபேமியா முகம் கழுவக் கடைக்குள் போனாள்.

கடைக்காரிக்குப் பிரிசிலியானா என்று பெயர், வாயும் மனசும் பெரிய பெண். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அடெலினோ அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா? எங்க போயிருந்தார் ஒரு வருஷமா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

யூஃபேமியா முகம் துடைத்த துண்டை இறக்கினாள். "அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா? மாசாமாசம் வருவாரே. ஒரு கிண்ணம் பச்சை மிளகாய்க் குழம்பு சாப்பிடுவார். இந்தக் குழாய்ல கேன்ல தண்ணி பிடிச்சுக்குவார். பையனோட சிலுவைக்குப் போய் உட்கார்ந்தார்னா சாயங்காலம்தான். நீங்க அவர் தங்கச்சியா?"

யூஃபேமியா துண்டை மடித்து மேஜைமேல் வைத்தாள். பிரிசிலியானா தன்பாட்டில் பேசிக்கொண்டே போனாள்.

"ஒரு தடவை கேட்டேன், வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரக் கூடாதான்னு. அவளுக்கு இடுப்பு வலி, இவ்வளவு தூரம் உட்கார முடியாதுன்னார். பாவம், அந்தம்மாவுக்கும் வரணும்னு எவ்வளவு ஆசையா இருக்கும்?"

யூஃபேமியாவுக்கு இடுப்பில் ஒரு வலியும் கிடையாது. கல்லுமாதிரி இருக்கிறாள். தன் பிடிவாதத்தை ஊர் பேசக் கூடாது என்று தனக்கு அவர் ஒரு நோயைக் கட்டிவிட்டிருக்கிறார் என்பது புரிந்தபோது, பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியிலிருந்து லெயோனோரின் குரல் அலறியது. "அம்மா! அப்பாவைக் காணோம்!"

"அட, குழாய்கிட்ட இருந்த கேனைத் தூக்கிக்கிட்டு இப்பதானே கீழ போனார்" என்றாள் பிரிசிலியானா. எதற்கு இவ்வளவு பதறுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நீ வண்டிகிட்ட இரு. சார்ஜ் தேவையான அளவு ஏறினதும் எடுத்துட்டு வா" என்று மகளிடம் சொல்லிவிட்டு யூஃபேமியா நடந்தாள். ஒன்பது வருஷமாகப் பார்க்க மாட்டேன் என்றவள் அந்தச் சரிவில் கிட்டத்தட்ட ஓடினாள். காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. கண்ணில் மண் விழுந்தது. துடைக்கக்கூட நிற்கவில்லை.

வளைவில் வேலிக் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தது சிலுவை. கிணற்றுக் குழாயை அறுத்து வெல்டு வைத்துச் செய்தது. ஒட்டுப் போட்ட இடத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்த விதத்தைப் பார்த்ததுமே யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குறுக்குக் கம்பியில் ரமீரோவின் பெயர். அடியில் கல் அடுக்கி, அதன்மேல் அவனுடைய சுரங்கத் தொப்பி. அந்தத் தொப்பியை அடெலினோ குப்பையில் போட்டுவிட்டார் என்று இவள் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடெலினோ குனிந்து ஒரு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செடி காய்ந்து குச்சியாகி மாதக் கணக்காகியிருக்கும். அவர் பொறுமையாக விட்டுக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் மரியாதை இருந்தது, அடையாளம் இல்லை.

"வாங்கம்மா. இந்தப் பக்கம் வந்து உட்காருங்க, காத்து அடிக்காது. உங்களுக்கும் இந்த ரோட்லதானா?"

"ஆமா" என்றாள் யூஃபேமியா.

"யாரு?"

"பையன்."

"எனக்கும் பையன்தான்." அவர் ஒரு கல்லைத் துடைத்து அவள் உட்கார இடம் பண்ணிக் கொடுத்தார்.

யூஃபேமியா உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த கேள்வியை, முன்பின் அறியாத ஒருத்தியாக அவரிடம் கேட்டாள். "நீங்க அழ மாட்டீங்களா?"

"ஏன் அழ மாட்டேன்? இங்க வந்து அழுவேன். வீட்ல முடியாது. என் வீட்டுக்காரி பார்த்துடுவா. அவ அழுகையையே அந்த வீடு தாங்கல. நானும் சேர்ந்துக்கிட்டா யாரு அடுப்பு மூட்டறது, யாரு கதவு பூட்டறது?" கேனை மூடிக் கீழே வைத்தார். "மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். அவளுக்கு என்மேல ரொம்பக் கோவம்."

"சொல்லியிருக்கலாமே அவகிட்ட."

"சிலுவை வேணாம்னுட்டா. அவ சொன்னதை மீறி வெச்சுட்டேன். எந்த வாயால சொல்றது?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "கோவமா இருக்கட்டும்மா. கோவம் இருக்கறவரைக்கும் காலைல எழுந்து காப்பி போடறா. அது போதும் எனக்கு."

யூஃபேமியா கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்த மனிதனுக்கு அவள் எத்தனை காப்பிக் கோப்பைகளை டொக்கென்று வைத்திருப்பாள்! ஒவ்வொன்றையும் அவர் நன்றாயிருக்கிறது என்றுதான் குடித்திருக்கிறார். இவரைப் போய்த் தள்ளிவிட்டு வரத்தான் விடியற்காலையில் எழுந்து அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. லெயோனோர் இறங்கினாள். சிலுவையைப் பார்த்தாள், பெயரைப் படித்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தம்பியின் தொப்பியைத் தொட்டாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, புழுதி அடங்கி ரோட்டைத் திறந்துட்டாங்களாம். இப்பவே கிளம்பினா டூசானுக்கு நேரத்துல போயிடலாம்."

"வீட்டுக்குப் போலாம்."

"என்னம்மா சொல்றீங்க?"

"வீட்டுக்குன்னேன்."

"இந்த இடம் போச்சுன்னா மறுபடி எப்ப கிடைக்கும்னே தெரியாது. அடுப்பைப் பத்த வெச்சுட்டுப் போறார். உங்களையே தெரியல. நீங்க ஒருத்தியா என்ன பண்ணுவீங்க? நேத்துவரைக்கும் நீங்கதானே கொண்டுபோய் விடுன்னீங்க?"

"நேத்துவரைக்கும் எவனோ ஒரு கல்நெஞ்சுக்காரனோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன்டி. இவரை எனக்கு இப்பதான் தெரியும்."

லெயோனோர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாதாடிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது அவளுக்கு. அப்பாவின் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

அடெலினோ கையை விடுவித்துக்கொண்டார். "நீங்க போங்கம்மா. முன்பின் தெரியாதவங்க வண்டில நான் எதுக்கு ஏறணும்?"

"மீன் பிடிக்கப் போலாமே."

"அதான் வந்துட்டேனே" என்றார் அவர். அந்தச் சாமர்த்தியமும் இப்படித் தீர்ந்துபோனது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வேலை முடிஞ்சு என் பையன் இந்த வழியாத்தான் வருவான். அவன்கூடப் போய்க்கறேன். அவன் வந்து நான் இல்லைன்னா தேடுவான்."

சிலுவைக்குப் பக்கத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்து, மேட்டுச் சாலையைப் பார்க்கத் தொடங்கினார். பெயர் எழுதிய கம்பி அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லெயோனோர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். மேட்டிலிருந்து ஒரு வண்டி இறங்கி வந்தது. அடெலினோ பாதி எழுந்து எட்டிப் பார்த்தார். அது நிற்காமல் போனது. மறுபடி உட்கார்ந்தார்.

இதைச் சொல்ல வேண்டியவள் தான்தான், வேறு யாரும் இல்லை என்று யூஃபேமியாவுக்குப் புரிந்தது. அவர் முன்னால் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அவன் வர மாட்டானுங்க."

"ஏன்? லீவு கிடைக்கலையா?"

"ரமீரோ செத்துட்டான்." சொல்லிவிட்டாள். "இந்த வளைவுலதான். வண்டி உருண்டு செத்துட்டான். இனிமே வர மாட்டான்."

அடெலினோ அவளையே பார்த்தார். இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறவர்போல அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. கை தொப்பியைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. பிறகு அவர் அழுதார். வாய்விட்டு, குழந்தையாட்டம், மூக்கு ஒழுக அழுதார். கல்யாணமான நாளிலிருந்து யூஃபேமியா பார்த்திராத அழுகை. அவளும் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து அழ ஒன்பது வருஷம் தாமதமாகிவிட்டது.

நடுவில் சட்டென்று அவர் நிறுத்தினார். முகத்தை முழங்கையால் துடைத்தார்.

"யூஃபேமியாவுக்குத் தெரியுமா?"

யூஃபேமியா அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "தெரியும்" என்றாள்.

"அவகூட யாரு இருக்கா இப்ப?" அவர் பதறி எழுந்தார். லெயோனோர் ஓடிவந்து பிடித்தாள். "தனியா இருக்காளா? இந்தச் சேதியை வெச்சுக்கிட்டு அவ தனியா இருக்கக் கூடாதும்மா. என்னைக் கொஞ்சம் வீட்ல கொண்டுபோய் விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

யாரும் கூப்பிடாமலே கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். லெயோனோர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். அவளுடைய போன் அடித்தது. டூசான் எண். அடித்து ஓயும்வரை விட்டுவிட்டாள்.

யூஃபேமியா இந்த முறை பின்சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது காற்று முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளியது. கார் இறக்கத்தில் சிரமமில்லாமல் போனது.

"கொஞ்சம் வேகமாப் போம்மா" என்று அடெலினோ மகளின் தோளைத் தட்டினார். "அவ தனியா இருப்பா."

"அவ தனியா இல்லைங்க" என்றாள் யூஃபேமியா.

அவர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். அழுது சிவந்த அந்தக் கண்களில் ஆசையாக ஒரு கேள்வி இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பார்த்தீங்களா?"